நம்பிக்கை என்னும் அன்றாட வேலை

நம்பிக்கை என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! தேர்வு எழுதிவிட்டு வரும் தோழனைக் கேட்டால், "தேறிவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது" என்கிறான். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அன்னை, "உன்னைத்தான் நம்பியிருக்கிறோம்" என்கிறாள். ஆண்டு விழா மேடையில் பேச வரும் பெரியவர், "யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை" என்று முழங்கிக் கைதட்டல் பெறுகிறார். கைதட்டிய நாமும் விடுதிக்குத் திரும்பி, படிக்க வேண்டியதை நாளைக்கென்று ஒதுக்கிவிட்டு உறங்கிப்போகிறோம். இவ்வளவு தாராளமாகப் புழங்கும் இச்சொல்லுக்குப் பொருள்தான் என்ன? அன்றாட வாழ்க்கையில் அதற்கு என்ன வேலை? இவ்விரண்டு வினாக்களையும் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது மாணவராகிய நமக்கு நல்லது என்று கருதுகிறேன்.

முதலில், நம்பிக்கையை அதன் அண்டை வீட்டார் இருவரிடமிருந்து பிரித்தறிய வேண்டும். ஒருவர் ஆசை, மற்றவர் எதிர்பார்ப்பு. ஆசைக்கு உழைப்புத் தேவையில்லை. பரிசுச் சீட்டு வாங்கியவன் இலட்சாதிபதி ஆகவேண்டும் என்று ஆசைப்படலாம். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. எதிர்பார்ப்புக்கு ஐயம் இல்லை. ஆறு மணி வண்டி ஆறு மணிக்கு வரும் என்று நிலையத்தில் நிற்கிறோம். வராவிட்டால் சினம் கொள்கிறோம். நம்பிக்கையின் இயல்பு வேறு. கிட்டுமா கிட்டாதா என்று உறுதியாகத் தெரியாத ஒரு நன்மைக்காக, இன்று நம்மால் ஆன ஒரு வேலையைச் செய்து வைப்பதே நம்பிக்கை. நம்பிக்கையில் வரும் 'கை' வெறும் விகுதி என்று இலக்கணம் கற்ற நண்பர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும். ஆனால் கை வேலை செய்யாத இடத்தில் நம்பிக்கை இருப்பதாகச் சொல்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

இப்படிப் பார்த்தால், நம் வீடுகளில் நம்பிக்கை எத்தனை எளிய வடிவங்களில் உலவுகிறது என்பது விளங்கும். இரவு பத்து மணிக்கு நாளைய இட்டிலிக்கு மாவு அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்கிறாளே தாய், அவள் நாளை என்ற ஒன்று உண்டென்றும், அதில் தன் மக்கள் பசியோடு எழுவார்கள் என்றும் கையால் எழுதி வைக்கிறாள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற உழவன், மழை வருமா என்று வானத்தைக் கேட்டுவிட்டு விதைப்பதில்லை. சென்ற ஆண்டு மழை பொய்த்ததை அவன் மறக்கவும் இல்லை. மறக்காமலே விதைக்கிறான். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்கள் அந்த உழவனிடம் ஒரு நாள் பேசிப் பார்க்க வேண்டும்.

"நம்பிக்கை ஏமாற்று வித்தை, ஏழையை அடக்கி வைக்கப் பணக்காரன் கொடுக்கும் மயக்க மருந்து" என்று வாதிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கூற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. "பொறுத்திரு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ அநீதிகள் காலம் கடத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அப்படிச் சொல்கிறவன் நம்பிக்கையைத் தரவில்லை. காலக்கெடு இல்லாத கடன் பத்திரத்தைத் தருகிறான். உண்மையான நம்பிக்கை எப்படி இருக்கும் என்று கேட்டால், மேடைப் பேச்சைவிட ஓர் எடுத்துக்காட்டே தெளிவாகச் சொல்லும். அதற்காக நெடுந்தூரம் போக வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் சிறு வயதில் விரலில் மை வைத்துக்கொண்ட கதைதான் அது.

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோயை நாம் இன்று ஏறக்குறைய மறந்துவிட்டோம். அதை மறக்க முடிந்ததே ஒரு பெரிய வெற்றி. இந்நோயை 2000-ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று உலக நாடுகள் 1988-இல் கூடித் தீர்மானித்தன. இந்தியாவில் நாடு தழுவிய சொட்டு மருந்து இயக்கம் 1995-இல் தொடங்கியது. 2000 வந்தது, போயிற்று, நோய் போகவில்லை. 2001-இல் 268 குழந்தைகள் இந்நோயால் தாக்குண்டார்கள். மறு ஆண்டு அத்தொகை 1,600 ஆயிற்று. மீண்டும் பாடுபட்டு 2005-இல் 66 ஆகக் குறைத்தார்கள். வெற்றி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே, 2006-இல், 676! 2009-இல் 741. அவ்வாண்டு உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை போலியோ நோயாளிகள் இல்லை.

தோழர்களே, இந்த எண்களை ஒரு மாணவனின் மதிப்பெண் பட்டியலாக எண்ணிப் பாருங்கள். முன்னேறி, சறுக்கி, கரையேறும் நேரத்தில் மறுபடி வழுக்கி விழுந்த பட்டியல். "இந்தியாவில் இது நடவாத காரியம்" என்று சொல்வதற்கு அறிவாளிகளிடம் அன்று காரணங்கள் நிறைய இருந்தன. அவற்றுள் பல மெய்யான காரணங்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நெருக்கடி மிகுந்த வாழ்விடங்கள். சாக்கடையும் குடிநீரும் கலக்கும் தெருக்கள். வயிற்றுப்போக்கால் நலிந்த குழந்தைகள். அந்நிலையில் நாலைந்து முறை கொடுத்த மருந்தும் பல குழந்தைகளுக்குப் போதிய காப்பு அளிக்கவில்லை. போதாக்குறைக்கு, இம்மருந்து பிள்ளைப் பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி பல ஊர்களில் பரவிக் கதவுகளை அடைத்தது.

அந்த அடைத்த கதவுகளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகச் சென்றவர்கள் சுண்ணக்கட்டியால் சுவரிலோ கதவிலோ ஒரு குறி இடுவார்கள். அவ்வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் மருந்து கொடுத்தாயிற்று என்றால் 'பி' என்ற ஆங்கில எழுத்து. வீடு பூட்டியிருந்தாலும், குழந்தை வெளியூர் போயிருந்தாலும், தாய் தகப்பன் மறுத்துவிட்டாலும், 'எக்ஸ்' என்ற எழுத்து. நம் பள்ளிக்கூடங்களில் பெருக்கல் குறிபோன்ற அந்த அடையாளத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு: தவறு, தோல்வி, முடிந்தது. சொட்டு மருந்துக்காரர்கள் அதற்கு வேறு பொருள் கொடுத்தார்கள். 'எக்ஸ்' என்றால், மறுபடி வரவேண்டிய வீடு.

மறுபடி வந்தார்கள். பூட்டியிருந்தால் மாலையில் வந்தார்கள். மறுத்த வீட்டுக்கு, அந்தத் தெருவிலேயே வாழும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் சொல்லும் எடுபடாவிட்டால் அவ்வூரில் மதிப்புப் பெற்ற சமயத் தலைவரை அழைத்து வந்தார்கள். பீகாரில் கோசி ஆற்றின் வெள்ளம் வழிகளை அழிக்கும் பகுதிகளில், படகிலும் கால்நடையாகவும் சென்று குழந்தைகளைத் தேடினார்கள். ஓரிடத்தில் நிலையாக வாழாத கூலிக் குடும்பங்களைச் செங்கற்சூளைகளிலும் இரயில் நிலையங்களிலும் கண்டுபிடித்தார்கள். ஒரு நாடு தழுவிய சுற்றுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இவ்வேலையில் இறங்கினார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர்கள் வெறும் பிடிவாதத்தால் வென்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கை கால் திடீரெனத் தளர்ந்த குழந்தை எந்தச் சிற்றூரில் இருந்தாலும், அதைக் கண்டறிந்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் ஏற்பாடு 1997 முதல் இயங்கியது. அதனால் தோல்வி எங்கே, எவ்வளவு என்பது மறைக்கப்படாமல் தெரிந்தது. பழைய மருந்தின் குறை தெரிந்தபோது, எஞ்சியிருந்த இரண்டு வகை நோய்க்கிருமிகளையும் ஒருங்கே எதிர்க்கும் புதிய சொட்டு மருந்தை 2010-இல் கைக்கொண்டார்கள். அவ்வாண்டு நோயாளிகள் 42 ஆனார்கள். 2011-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்து ஹவுராவில் ஒரு பெண் குழந்தை நோயுற்றாள். இயற்கைப் போலியோக் கிருமியால் இந்தியாவில் தாக்குண்டவர்களில் அவளே கடைசி. 2014 மார்ச்சு 27-இல் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது.

இதிலிருந்து நாம் கற்கக்கூடியவை மூன்று.

ஒன்று: நம்பிக்கையை நாட்காட்டியில் கட்டிவைக்கக் கூடாது. 2000 என்ற தேதியின்மீது மட்டும் நம்பிக்கை வைத்திருந்தால், 2001-ஆம் ஆண்டு பிறந்த அன்றே வேலை நின்றிருக்கும். அவர்கள் நம்பிக்கை தேதியில் இல்லை. அடுத்த வீட்டுக் கதவில் இருந்தது. ஆகவே தேதி பொய்த்தபோதும் அது பொய்க்கவில்லை. "இந்த ஆண்டுக்குள் வேலை, இருபத்தைந்து வயதுக்குள் வீடு" என்று நாள் குறித்துவிட்டு, அந்நாள் தவறியதும் வாழ்வே தவறிவிட்டதென்று துவண்டு போகும் நமக்கு இது பெரிய பாடம்.

இரண்டு: நம்பிக்கை உண்மையைக் கண்டு அஞ்சாது. 676 என்ற எண்ணை 66 என்று திருத்தி எழுதியிருந்தால் அவ்வாண்டு விழா எடுத்திருக்கலாம்; நோய் மட்டும் இன்றும் இருந்திருக்கும். தேறாத பாடத்தை வீட்டாரிடமிருந்து மறைக்கும் மாணவனிடம் இருப்பது நம்பிக்கை இல்லை, அச்சம். எங்கே விழுந்தோம் என்று பார்க்கத் துணிந்தவனால்தான் எழுந்து நிற்கும் வழியைத் தேட முடியும். சென்ற முறை படித்த விதம் பயன் தரவில்லையானால், அதே விதத்தில் இன்னும் அதிக நேரம் படிப்பதைக் காட்டிலும் விதத்தையே மாற்றிப் பார்ப்பதுதான் நம்பிக்கை.

மூன்று: நம்பிக்கை தனி மனிதனின் சொத்து அன்று. ஆங்கிலத்தில் கடவுளை நம்புவதற்கு ஒரு சொல், நண்பனை நம்புவதற்கு ஒரு சொல், நாளை நல்லது நடக்கும் என்று நம்புவதற்கு மற்றொரு சொல் உண்டு. நாம் இம்மூன்றையும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். இது நம் மொழியின் குறை என்று சிலர் எண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் ஒருவரையும் நம்ப முடியாதவனால் நாளையை நம்ப முடிவதில்லை. கதவை அடைத்த தாய் மருந்தை நம்பிக் கதவு திறக்கவில்லை. தன் தெருப் பெண் ஒருத்தியை நம்பித்தான் திறந்தாள். நாளையின்மீது வரும் நம்பிக்கை, பெரும்பாலும், ஒரு மனிதரின் முகத்தைக் கொண்டுதான் வருகிறது.

இனி, நம் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இங்கேயும் கதவுகள் இருக்கின்றன. விடுதியின் நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக இருக்கின்றன. பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்திருக்கிறோம். இவ்வூர் மொழி நாவில் படியாமல் முதல் ஆறு மாதம் ஊமைபோல் திரிந்தவர்கள் நம்மில் உண்டு. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்து, இங்கே வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. அடகு வைத்த நகையையும் வாங்கிய கல்விக் கடனையும் நெஞ்சில் சுமந்துகொண்டு பாடப் புத்தகத்தைத் திறப்பவர்கள் உண்டு. முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடம் தவறியதும், உணவுக்கூடத்துக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டு, யாரும் இல்லாதபோது உண்டுவிட்டுப் போகும் தம்பியும் தங்கையும் உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கதவு மூடியே இருக்கும். நாமும், "அவன் படிக்கிறான் போலும்" என்று சொல்லிக்கொண்டு கடந்து போகிறோம்.

இந்திய நாட்டின் உயர்கல்விக் கூடங்களில் மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அச்செய்திகளின் காரணங்களை ஒரே வரியில் சொல்லிவிட யாருக்கும் உரிமை இல்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். நம்பிக்கை இழந்தவனிடம் போய், "நம்பிக்கையோடு இரு" என்று அறிவுரை கூறுவது, கால் முறிந்தவனிடம் "எழுந்து நட" என்பதைப் போன்றது. அவனிடம் இல்லாத பொருளை அவனிடமே கேட்கிறோம். அந்த வேளையில் அவனுக்காக நம்பிக்கையைச் சிறிது காலம் வேறொருவர் சுமக்க வேண்டும். "மாலையில் வருகிறேன், சேர்ந்து உண்போம்" என்று சொல்லி, சொன்னபடி மாலையில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவே. ஆனால் அது சிறிய காரியம் இல்லை. 'மாலை' என்ற ஒன்றை அவனுடைய நாளுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம் அன்றோ?

நண்பரின் அன்பு மட்டும் போதாத நிலைகளும் உண்டு. மனச்சோர்வு ஒரு நோயாகும்போது அதற்கு மருத்துவர் வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக யாரும் வெட்கப்படுவதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை அறைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வைப்பதால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது. அதுபோலவே, தேர்வு முறையிலோ உதவித்தொகை வழங்குவதிலோ மாணவரை நசுக்கும் குறை இருந்தால், அதைக் கேட்டு மாற்றச் செய்வதும் நம்பிக்கையின் வேலைதான். தோழனின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அவனைத் தள்ளிவிட்ட பள்ளத்தை மூடாமல் விட்டுவிடலாகாது.

நம் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், கோலமும் கும்மியும் பிற மாநில மாணவர்களின் பாராட்டைப் பெறுகின்றன. மகிழ்ச்சி. அவற்றோடு இன்னொரு வேலையும் நமக்கு வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும், மேல் வகுப்பில் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ பொறுப்பேற்கட்டும். வாரத்தில் ஒரு நாள் கதவைத் தட்டட்டும். பாடம் நடத்த வேண்டியதில்லை. அறிவுரை கூறவே வேண்டாம். தேநீர் குடிக்க அழைத்தால் போதும். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இரண்டு முறை போகட்டும். கதவு திறக்கவில்லையானால் மனத்துக்குள் ஒரு 'எக்ஸ்' குறி இட்டுக்கொள்ளட்டும். அதன் பொருளை மேலே கண்டோம்.

இதற்குச் செலவு இல்லை. கூட்டத் தீர்மானம்கூட வேண்டியதில்லை. வேண்டுவது ஒன்றே. முதல் முறை போனபோது, "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்ற விடை கிடைக்கலாம். அதை மறுப்பாகக் கொண்டு மனம் நோகாமல், மறுபடி போகும் பழக்கம் வேண்டும். கோசி ஆற்றங்கரையில் நடந்தவர்களுக்கு அப்பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர்கள் நாட்டையே காத்துவிடப் போவதாக எண்ணிப் புறப்பட்டிருக்க மாட்டார்கள். அன்றைய மருந்துப் பெட்டி, அன்றைய தெரு, அன்றைய வீடுகள். அவ்வளவே அவர்கள் கண்முன் இருந்திருக்கும். அந்த அன்றாட வேலைகளின் கூட்டுத் தொகைக்குத்தான் பிற்காலத்தில் வெற்றி என்று பெயர் வந்தது.

நாமும் அவ்வளவு சிறிதாகவே தொடங்கலாம். இந்த இதழைப் படித்து முடித்து மடித்து வைத்ததும், நம் தாழ்வாரத்தில் சில நாளாகத் திறவாத கதவு எது என்று எண்ணிப் பாருங்கள். எழுந்து போய்த் தட்டுங்கள். திறக்காவிட்டால், நாளைக்கும் போங்கள்.